டால்பின் யோசிக்கிறதா, மீனுக்காகத்தான் செய்கிறதா?

கேள்வி இதுதான்: வெளிநாட்டில் டால்பின் காட்சி பார்த்துவிட்டு வந்த ஒருவர் கேட்கிறார். "வளையத்துக்குள் பாய்கிறது, பந்தைத் தட்டுகிறது, கையசைத்தால் வாலாட்டுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மீன். இது பழக்கிவிட்ட வேலைதானே? உண்மையில் டால்பின்கள் யோசிக்கின்றனவா? யோசிக்கும் என்றால் அவற்றைத் தொட்டியில் வைக்கலாமா?"

நீங்கள் பார்த்த காட்சியை மட்டும் வைத்து டால்பினின் அறிவை அளக்க முடியாது. அந்தப் பாய்ச்சலைப் பல மாதம் பழக்கியிருப்பார்கள். ஆனால் 'மீனுக்காகத்தானே' என்பது, அது ஏன் செய்கிறது என்ற கேள்விக்கு மட்டும்தான் பதில். சம்பளம் வாங்குகிறார் என்பதால் ஒருவர் யோசிக்காமல் வேலை செய்கிறார் என்று நாம் சொல்வதில்லையே. அந்த மீனை எப்படிச் சம்பாதிப்பது என்று டால்பின் கண்டுபிடிக்கும் விதத்தில்தான் அதன் மூளை தெரிகிறது. விடையை யாரும் சொல்லித்தராத இடங்களில் அது என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வுகள் அறுபது வருடங்களாக நடந்துவருகின்றன.

முதலில் பயிற்சி எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். டால்பினைக் கயிறு கட்டி இழுக்க முடியாது. மிரட்டினால் தொட்டியின் அந்தக் கோடிக்குப் போய்விடும், திரும்ப வராது. அதனால் பயிற்சியாளர்கள் விசிலை நம்புகிறார்கள். விசில் ஊதி மீன் தருவது, திரும்ப ஊதி மீன் தருவது என்று சில நாள் போனால், விசில் கேட்டாலே 'இப்போது செய்தது சரி, மீன் வருகிறது' என்று அதற்குப் புரிந்துவிடும். டால்பின் அந்தரத்தில் இருக்கும்போது வாயில் மீன் போட முடியாது, ஆனால் அந்த நொடியில் விசில் ஊத முடியும். அப்புறம் நுனியில் பந்து வைத்த ஒரு கழியை மூக்கால் தொடவைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திக்கொண்டே போவார்கள். இத்தனையிலும், எந்த அசைவுக்கு விசில் கிடைத்தது என்பதை டால்பின்தான் ஊகித்தாக வேண்டும். இடது பக்கம் திரும்பியதற்கா, வாலைத் தூக்கியதற்கா, தண்ணீரைவிட்டு வெளியே வந்ததற்கா? செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

இந்த ஊகிக்கும் திறமை எவ்வளவு தூரம் போகும் என்பது 1960களில் ஹவாயில் தெரியவந்தது. ஓஹு தீவில் உள்ள சீ லைஃப் பார்க்கில் கேரன் பிரையர் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். ஒரு புதுப் பழக்கத்தை எப்படித் தொடங்கிவைக்கிறோம் என்று பார்வையாளர்களுக்குக் காட்ட, மாலியா என்ற பெண் டால்பினை வைத்துக்கொண்டார்கள். அது எதையாவது செய்யும், அதில் இதுவரை மீன் வாங்காத ஓர் அசைவைத் தேர்ந்தெடுத்து விசில் ஊதுவார்கள். சில நாட்களில் சிக்கல் வந்தது. வழக்கமான அசைவுகள் எல்லாவற்றுக்கும் மீன் கொடுத்தாகிவிட்டது, புதிதாக ஊக்குவிக்க எதுவும் மிச்சமில்லை. மாலியா பழையதையே திரும்பத் திரும்பச் செய்து பார்த்தது. விசில் வரவில்லை. திடீரென்று வேகம் எடுத்து, மல்லாக்கத் திரும்பி, வாலை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டியபடி வழுக்கிக்கொண்டு போனது. அங்கே யாரும் அதற்குமுன் அப்படிப் பார்த்ததில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காட்சியிலும் ஏதாவது புதிதாகக் கொண்டுவர ஆரம்பித்தது.

இது தற்செயலாக இருக்குமோ என்று, ஹோ என்ற இன்னொரு பெண் டால்பினிடம் முறையாகப் பதிவு வைத்துக்கொண்டு முதலிலிருந்து செய்தார்கள். ஹோ மாலியாவைப் போலத் துடிப்பானது இல்லை. ஒரே வட்டத்தில் சுற்றுவது, துள்ளுவது, தலைகீழாக நீந்துவது என்ற ஒரே கோர்வையைப் பல அமர்வுகளில் விடாமல் செய்துகொண்டிருந்தது. பயிற்சியாளர்களே சோர்ந்துபோகும் நிலை. பிறகு ஒரு நாள் அடுத்தடுத்துப் புதுப்புது அசைவுகளைக் கொட்டியது. கடைசி அமர்வுகளில் அது செய்தவை, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் வார்த்தையில் எழுதிவைக்கத் திணறும் அளவுக்குச் சிக்கலாகிவிட்டன. 1969இல் இது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. பரிசு எந்த ஓர் அசைவுக்கும் இல்லை, 'முன்பு செய்யாதது' என்ற விதிக்குத்தான் பரிசு. அந்த விதியை டால்பின் பிடித்துக்கொண்டது. முன்பு என்னென்ன செய்தோம் என்ற நினைவு இல்லாமல் இந்த விதியைப் பின்பற்றவே முடியாது.

எல்லா டால்பினும் எப்போதும் கலைஞன்தான் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. பல வருடம் கழித்து ஸ்டான் குச்சாய் இதைத் திரும்ப ஆராய்ந்தபோது, 'வேறு ஏதாவது செய்' என்று கேட்டால் பல டால்பின்கள் அதிகம் மெனக்கெடாத எளிய அசைவுகளையே மாற்றி மாற்றிச் செய்தன. ஒரு டால்பினுக்கும் இன்னொரு டால்பினுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தது. எனக்கு இது ஏமாற்றமாகத் தெரியவில்லை. குறைந்த உழைப்பில் மீன் கிடைக்கும்போது உழைப்பைக் கூட்ட வேண்டிய தேவை என்ன?

அடுத்தது ஹொனலூலுவில், கெவாலோ பேசின் ஆய்வகத்தில் லூயிஸ் ஹெர்மன் செய்த வேலை. இந்தத் துறையில் எதையாவது ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள் என்பேன். அதற்குமுன் ஜான் லில்லி என்பவர் டால்பின்களை ஆங்கிலம் பேசவைக்க முயன்று தோற்றிருந்தார். ஹெர்மன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். டால்பின் பேச வேண்டாம், நாம் சொல்வது அதற்குப் புரிகிறதா? ஃபீனிக்ஸ் என்ற டால்பினுக்குத் தண்ணீருக்குள் ஒலிகளால் ஆன சிறு மொழி, அகேயகமாய்க்குக் கையசைவுகளால் ஆன மொழி. அகேயகமாய் என்றால் ஹவாய் மொழியில் ஞானத்தை நேசிப்பவள் என்று பொருள். எல்லோரும் அகே என்றுதான் கூப்பிட்டார்கள்.

அகேயின் மொழியில் போய்ச்சேர வேண்டிய இடம் முதலில் வரும், எடுத்துப்போக வேண்டிய பொருள் அடுத்து வரும், கடைசியில் செயல். 'மனிதர், அலைப்பலகை, கொண்டுபோ' என்று சைகை காட்டினால், அலைப்பலகையை (அலையில் சறுக்கும் பலகை) தள்ளிக்கொண்டு வந்து தண்ணீரில் நிற்கும் மனிதரிடம் சேர்க்க வேண்டும். 'அலைப்பலகை, மனிதர், கொண்டுபோ' என்றால் மனிதரைத் தள்ளிக்கொண்டு போய்ப் பலகையிடம் சேர்க்க வேண்டும். சைகைகள் அதே மூன்றுதான், வரிசைதான் வேறு. அகே இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்டது. முதல் சைகையிலேயே பாய்ந்து ஓடினால் தப்பாகிவிடும், முழு வாக்கியமும் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் ஒருபோதும் காட்டாத புதுச் சேர்க்கைகளையும் காட்டினார்கள். சைகை காட்டுபவர் தம்மை அறியாமல் கண்ணால் விடையைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, கண்கள் வெளியே தெரியாத கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் நிற்பார்.

எனக்கு மிகவும் பிடித்தது தப்பான வாக்கியங்களை வைத்துச் செய்த சோதனை. தொட்டிச் சுவரில் பொருத்திய ஒலிபெருக்கியைப் பெயர்த்து எடுத்துவா என்பதுபோல நடக்காத ஒன்றைக் கேட்டால், அகே பெரும்பாலும் அசையாமல் பயிற்சியாளரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தாறுமாறான வாக்கியத்துக்குள் செய்யக்கூடிய ஒரு பகுதி ஒளிந்திருந்தால், அதைப் பொறுக்கியெடுத்து அதை மட்டும் செய்யும். தொட்டியில் பந்து இருக்கிறதா என்று கேட்டால், இல்லாதபோது 'இல்லை' என்பதற்கான பலகையைப் போய் அழுத்தும். கண்முன் இல்லாத ஒரு பொருளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்கிறது என்றால், அந்தச் சைகை அதன் மனத்தில் ஏதோ ஒரு பொருளைக் குறிக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். தொலைக்காட்சித் திரையில் பயிற்சியாளரைக் காட்டியபோதும், முன்பயிற்சி எதுவும் இல்லாமலே அந்தச் சைகைகளைப் பார்த்துச் செய்தது. பிறகு உருவத்தை நீக்கிவிட்டு, கறுப்புத் திரையில் கைகள் இருந்த இடத்தில் அசையும் வெள்ளைப் புள்ளிகளை மட்டும் காட்டினார்கள். அதையும் புரிந்துகொண்டது.

இதை மனித மொழி என்று சொல்லிவிட முடியாது. அகே ஒரு வாக்கியத்தையும் உருவாக்கவில்லை, பார்த்துப் புரிந்துகொண்டது, அவ்வளவுதான். ஆனால் வரிசை மாறினால் பொருள் மாறும் என்பது புரிந்தது.

பிரச்சினையைத் தீர்ப்பதற்கு வருவோம். ஃபுளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பூங்காவில் பாப், டோபி என்று இரண்டு டால்பின்கள் இருந்தன. குச்சாயும் சக ஆய்வாளர்களும் ஒரு பெட்டியை வைத்தார்கள். அதற்குள் போதுமான எடைக்கட்டிகளைப் போட்டால் மீன் வெளியே வரும். கட்டிகள் பெட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தபோது ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டன. கட்டிகளைத் தூரத்தில் வைத்தபோது, ஒரே நடையில் பல கட்டிகளைச் சேர்த்து வாயில் கவ்விக்கொண்டு வர ஆரம்பித்தன. சேர்த்து எடுத்துவரும்படி யாரும் காட்டவில்லை. இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். ஆனால் முதல் கட்டியைக் கவ்வும்போதே 'இன்னும் எத்தனை நடை நடக்க வேண்டியிருக்கும்' என்ற கணக்கு ஏதோ ஒரு வடிவில் இருந்தால்தான் இது வரும்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம் கல்ஃப்போர்ட்டில் இருந்த கெல்லி என்ற டால்பினின் கதை இதைவிடப் பிரபலம். தொட்டியில் விழும் குப்பையை எடுத்துக் கொடுத்தால் மீன் என்று அங்கே பழக்கியிருந்தார்கள். கெல்லி காகிதம் கிடைத்தால் அதைத் தொட்டியின் அடியில் ஒரு கல்லுக்குக் கீழே செருகிவைத்துவிடும். பயிற்சியாளர் வரும்போதெல்லாம் போய் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு வந்து கொடுக்கும். பெரிய தாளுக்கும் ஒரு மீன், சின்னத் துண்டுக்கும் ஒரு மீன் என்றால் கிழிப்பதுதானே லாபம்! இது பராமரிப்பாளர்கள் நேரில் கண்டு சொன்னது, கட்டுப்பாட்டோடு நடத்திய சோதனை இல்லை. அந்த அளவுக்குத்தான் இதற்கு எடை கொடுக்க வேண்டும். சின்னத் துண்டுக்கும் மீன் உண்டு என்று முதல்முறை தற்செயலாகத் தெரிந்து, அது மெல்ல வழக்கமாகியிருக்கவும் வாய்ப்பிருக்கிறது. கல்லுக்கு அடியில் ஒளித்துவைத்ததைத்தான் அப்படி எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

இரண்டு டால்பின்கள் சேர்ந்து யோசிக்குமா? ஃபுளோரிடா கீஸில் உள்ள டால்பின் ரிசர்ச் சென்டரில் இதைச் சுத்தமாகச் சோதித்தார்கள். நீருக்கடியில் ஆளுக்கொரு பொத்தான். இரண்டும் ஒரு வினாடி இடைவெளிக்குள் அழுத்தினால்தான் பரிசு. பிறகு ஒன்றை முதலில் அனுப்பிவிட்டு, மற்றதை 20 வினாடிவரை தாமதமாக அனுப்பினார்கள். முன்னால் போனது பொத்தான் பக்கத்திலேயே காத்திருந்தது. துணை வந்து சேர்ந்ததும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அழுத்தின. துணை இல்லாமல் அழுத்திப் பயனில்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. 2021இல் வந்த தொடர் ஆய்வில், அழுத்தும்முன் விசில் ஒலி எழுப்பியபோது டால்பின்கள் அதிகம் வெற்றிபெற்றன என்பதும் தெரிந்தது. பேசிவைத்துக்கொண்டு செய்தன என்று சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் அந்த விசில் வேலையை ஒருங்கிணைக்க உதவியது.

அதே மையத்தில் டானர் என்ற டால்பினின் கண்களை மூடிவிட்டு, பக்கத்தில் இருப்பவர் செய்வதை அப்படியே செய் என்றார்கள். பக்கத்தில் இருந்தது இன்னொரு டால்பின் என்றால், அந்த அசைவின் சத்தத்தைக் கேட்டே ஊகித்துச் செய்துவிடலாம். மனிதர் அதே அசைவைச் செய்யும்போது தண்ணீரில் வரும் சத்தம் வேறு. அப்போது டானர் கிளிக் ஒலிகளை அதிகமாக அனுப்பி, எதிரொலியால் அந்த மனிதரைத் 'தடவிப் பார்த்து'விட்டு அதே அசைவைச் செய்தது. ஒரு வழி உதவாதபோது அதுவாகவே வேறு வழிக்கு மாறிக்கொண்டது என்பதுதான் இதில் எனக்கு முக்கியம்.

நினைவாற்றலுக்கு ஓர் உதாரணம் போதும். ஒவ்வொரு டால்பினுக்கும் பெயர்போல, தனக்கே உரிய ஒரு விசில் உண்டு. ஜேசன் ப்ரக் 2013இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு சேர்ந்து வாழ்ந்த டால்பினின் விசிலை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார். பெர்முடாவில் இருந்த பெய்லி, இருபது வருடத்துக்கு முன் பிரிந்துபோன ஆல்லியின் விசிலை அடையாளம் கண்டுகொண்டது. ஆல்லி அப்போது சிகாகோவுக்குப் பக்கத்தில் இருந்தது. விலங்குகளில் சமூக நினைவு இவ்வளவு காலம் நீடிப்பதை அதற்குமுன் யாரும் பதிவுசெய்ததில்லை.

கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று புரிகிறதா எனப் பார்க்கும் கண்ணாடிச் சோதனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். 2001இல் நியூயார்க் அக்வேரியத்தில் டயானா ரீஸும் லோரி மரினோவும் இரண்டு டால்பின்களின் உடலில் மையால் அடையாளம் போட்டார்கள். அவை கண்ணாடிக்குப் போய் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தன. 2018இல் பால்டிமோரில் பெய்லி என்ற இன்னொரு குட்டி, ஏழு மாதத்திலேயே கண்ணாடியில் தன்னைக் கவனிக்க ஆரம்பித்தது. மனிதக் குழந்தைகள் பொதுவாக ஒரு வயதுக்கு மேல்தான் அந்த நிலைக்கு வருகின்றன.

தோற்ற இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருளை வாளிக்குள் போட்டு மறைத்தால் எந்த வாளி என்று டால்பின்கள் சரியாகக் காட்டுகின்றன. ஆனால் பொருளை ஒரு பாத்திரத்துக்குள் மறைத்து, அந்தப் பாத்திரத்தை வாளிக்குள் கொண்டுபோய்க் கவிழ்த்துவிட்டு, வெறும் பாத்திரத்தை எடுத்துக் காட்டினால் தடுமாறிவிடுகின்றன. பொருள் எங்கே போயிருக்கும் என்று ஊகிக்க வேண்டிய இந்தச் சோதனையில் மனிதக் குரங்குகள் தேறுகின்றன, இரண்டு வயதுக் குழந்தையும் தேறிவிடும். பாத்திரமும் வாளியும் இல்லாத கடலில் வாழ்ந்த மூளைக்கு இது அந்நியமான கேள்வியாக இருக்கலாம். எப்படியானாலும், 'டால்பின் மனிதனுக்குச் சமம்' என்று பரவும் செய்திகளை நம்பும்முன் இதையும் சேர்த்துப் பாருங்கள். அதன் அறிவு சில திசைகளில் ஆழம், சில திசைகளில் சாதாரணம்.

யாரும் சோதிக்காதபோது நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில், தொட்டியின் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் புகையை ஊதினார். ஜன்னலில் நின்ற டாலி என்ற ஆறு மாதக் குட்டி உடனே தாயிடம் போய், வாய் நிறையப் பாலோடு திரும்பி வந்து, தண்ணீரில் வெள்ளை மேகமாக ஊதிக் காட்டியது. அதே இடத்தில் இன்னொரு டால்பின், ஜன்னலில் பாசி சுரண்டும் முக்குளிப்பவரைப் பார்த்துவிட்டு, கடற்பறவை இறகை வாயில் பிடித்துத் தானும் சுரண்டியது. அவை இந்தியப் பெருங்கடல் வகை டால்பின்கள், மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அதே இனம்.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. 1988இல் அடிலெய்ட் அருகே சிக்கிக்கொண்ட பில்லி என்ற காட்டு டால்பினை மீட்டு, சில வாரம் ஒரு டால்பின் காட்சியகத்தில் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். பில்லிக்கு யாரும் எதுவும் பழக்கவில்லை. ஆனால் அங்கிருந்த டால்பின்கள் தண்ணீருக்கு மேலே எழும்பி வாலால் நடப்பதை அது பார்த்திருக்கிறது. கடலுக்குத் திரும்பிய பிறகு தானும் அப்படி நடந்தது. பின்னாளில் அந்தப் பகுதியின் மற்ற டால்பின்களும் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டன. வேவ் என்ற பெண் டால்பின் அதிகமாகச் செய்தது. வருடங்கள் போகப்போக அந்தப் பழக்கம் தேய்ந்துபோனது. மீன் இல்லை, விசில் இல்லை, பார்க்கக் கூட்டமும் இல்லை. அப்படியும் செய்தன.

கடைசிக் கேள்வி: தொட்டியில் வைக்கலாமா? மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி தொட்டியிலும் அடைத்த கடற்குளங்களிலும் இருந்த டால்பின்களிடமிருந்து தெரிந்துகொண்டதுதான், அதை மறைக்க முடியாது. கடலில் வாக்கிய வரிசையை மாற்றிப் போட்டுச் சோதிக்க முடியாது. ஆனால் தெரிந்துகொண்ட விஷயமே காட்சித் தொழிலுக்கு எதிராக நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். இருபது வருடம் ஒரு துணையை மறக்காத விலங்கை, வசதிக்கேற்ப இடம் மாற்றுவதும் கூட்டத்திலிருந்து பிரிப்பதும் என்ன நியாயம்? காட்சிக்காகக் கடலில் பிடிப்பது கூடவே கூடாது. 1990களின் கடைசியில் சென்னைக்கு அருகே காட்சிக்காகப் பல்கேரியாவிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. 2013 மே மாதம், டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவித்தது. டால்பின்களின் அறிவையும் உணர்வையும் காரணமாகக் காட்டிய அந்த முடிவு சரியானது.

ஏற்கெனவே உலகம் முழுக்க மனிதப் பராமரிப்பில் இருப்பவற்றின் நிலை வேறு. தொட்டியில் பிறந்து, இரை பிடிக்கவே கற்றுக்கொள்ளாத பலவற்றைத் திடீரென்று கடலில் விட்டால் பிழைக்காது. பிரான்சில் இசபெல்லா க்ளெக் குழுவினர் செய்த ஆய்வில், தொட்டி டால்பின்கள் பொம்மைகளைவிடப் பழகிய மனிதர்களோடு கழிக்கும் நேரத்தையே அதிகம் எதிர்பார்த்துத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு சுவாரசியம் இல்லாததால் அப்படி இருக்கலாம், பாசத்தாலும் இருக்கலாம். எதுவானாலும் அவற்றுக்குத் தினமும் மூளைக்கு வேலை வேண்டும்: புதுப் புதிர், தேடி எடுக்க வேண்டிய உணவு, 'வேண்டாம்' என்று விலகிப்போகும் சுதந்திரம், பிரிக்கப்படாத துணை. நீங்கள் பார்த்த இடத்தில் காட்சி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மிச்ச இருபத்துச் சொச்சம் மணி நேரமும் அவற்றுக்கு என்ன தருகிறார்கள் என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.